எந்தப் பிரிவுப் புழு?

சாஹுல் ஹமீது தன் வாழ்நாளில் மூன்று பெரிய பிழைகள் செய்திருப்பதாக அவருடைய மனைவி ருக்கியா சொல்வாள். முதல் இரண்டும் எவை என்று கேட்டால் சொல்லமாட்டாள். மூன்றாவது, வெற்றிலைக் கொடியில் புழு விழுந்ததை அரசாங்கத்துக்குப் போய்ச் சொன்னது.

அலவத்துகொடையில், பள்ளிவாசலுக்கு மேலே உள்ள சரிவில், அவருக்கு எழுநூறு வெற்றிலைக் கொடிகள் இருந்தன. அதற்குக் கீழே, ஒரு வாய்க்கால் தள்ளி, ருக்கியாவின் தம்பி ஹுஸைனுடைய தோட்டம். மேலே பெய்கிற மழை கீழே போகும். மேலே வருகிற நோயும் அப்படித்தான்.

1936ஆம் ஆண்டு தை மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை இருக்கும். கிழக்கு மூலையில் நாற்பது கொடிகள் மஞ்சளடித்து, இலை சிறுத்து, காதோலை அளவுக்குச் சுருங்கி நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரெல்லாம் முடிச்சு. கொத்தமல்லியை நூலில் கோத்தது போல வரிசை வரிசையாக முடிச்சு.

இதற்கு என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. பிடுங்க வேண்டும், எரிக்க வேண்டும், மண்ணைப் புரட்டிப் போட்டு மாசி, பங்குனி வெயிலில் காயவிட வேண்டும். சித்திரை மழை இறங்குவதற்குள் காய்ந்துவிட்டால் மிச்சக் கொடி தப்பும். ஆறு வருடத்துக்கு முன்னர் ஒரு மூலையில் இப்படித்தான் செய்து தப்பினார்.

ஆனால் அந்த வருடம் அரசாங்கம் விழித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம் பார்த்து, ஊர்த் தலைவரான ஆராச்சி ஒரு கடுதாசியை விரித்து வாசித்தார். வேரில் முடிச்சு விழுந்த எந்தப் பயிரையும் அரசாங்க அலுவலகத்துக்கு, அதாவது கந்தோருக்கு, அறிவிக்க வேண்டும். அறிவித்து, புழு இன்ன இனம் என்று பெயர் வந்து, அனுமதி கிடைக்கும்வரை ஒரு கொடியையும் தொடக்கூடாது. தொட்டால் ஆறு மாதம் மறியல், சிறைவாசம்.

"பேசாமப் புடுங்கி எரிச்சிட்டு வாய மூடிட்டு ஈங்க" என்றாள் ருக்கியா.

"சட்டம் புள்ள. ஊருக்கு முன்னால வாசிச்சீக்கி."

"வாசிச்ச ஆளுக்கும் வெத்திலத் தோட்டம் ஈக்கி. அவர் போய்ச் சென்னாரா?"

சாஹுல் ஹமீது சட்டத்துக்குப் பயந்த மனிதர். அதோடு படித்தவர்கள் பார்த்தால் தனக்குத் தெரியாத நல்ல வழி ஏதாவது சொல்வார்கள் என்ற ஆசையும் இருந்தது. திங்கட்கிழமை காலை ஒரு கொடியை வேரும் மண்ணுமாகத் தோண்டி, பன்புல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, எப்போதோ ஒரு துரை விட்டுப்போன பங்களாவில் அந்தக் கந்தோர் இருந்தது. வாசலில் தொங்கிய பலகையில் அதன் பெயர் மூன்று மொழிகளில், மூன்றிலும் ஒரே மூச்சில் வாசிக்க முடியாத நீளத்தில் எழுதியிருந்தது. சனங்கள் அதைப் புழுக் கந்தோர் என்றார்கள். உள்ளே நடுவில் ஒரு கூடம். இடப்பக்கக் கதவில் 'மண் பிரிவு', வலப்பக்கக் கதவில் 'வேர் பிரிவு'. கூடத்தின் நடுவில், இரண்டு கதவுக்கும் சரியாக ஒரே தூரத்தில் போட்ட ஒரு ஸ்டூலில், தெல்தோட்டையைச் சேர்ந்த பியூன் சின்னமுத்து உட்கார்ந்திருந்தான். ஸ்டூல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் ஒரு பக்கத்திலிருந்து முறைப்பாடு வரும் என்பதால், அதன் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"வாங்க நானா. என்ன கொண்டாந்திருக்கீங்க? மண்ணா, வேரா?"

"வெத்திலக் கொடி."

"அது தெரியுதுங்க. மண்ணுன்னா இந்தப் பக்கம், வேருன்னா அந்தப் பக்கம்."

"மண்ணோட ஈக்கிற வேரு."

சின்னமுத்து பெருமூச்சு விட்டான். பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, கொடியை எடுத்து உதறினான். விழுந்த மண்ணை ஒரு பொட்டலமாகவும், வேரை இன்னொரு பொட்டலமாகவும் கட்டினான். இரண்டுக்கும் வேறு வேறு இலக்கம் போட்டான்.

"இப்ப நீங்க ரெண்டு ஆளுங்க" என்றான். "மண்ணு கொண்டாந்த சாஹுல் ஹமீது ஒருத்தரு, வேரு கொண்டாந்த சாஹுல் ஹமீது ஒருத்தரு. மறந்துடாதீங்க. ஒரு ஐயாகிட்ட போயி மத்தவரு பேச்ச எடுத்தீங்கன்னா காரியம் கெட்டுப்போயிரும்."

மண் பிரிவின் தலைவர் விமலநாதன். மெலிந்து நீண்ட மனிதர். பேசும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் நெளிப்பார். அவருடைய அறையில் சுவரோரமாக இருபது கண்ணாடிப் புனல்கள் தலைகீழாக நிற்கும் குடைகள் போல வரிசையாக இருந்தன. ஒவ்வொரு புனலின் வாயிலும் மஸ்லின் துணி, துணியில் மண், அடியில் தண்ணீர். மண்ணில் இருக்கும் புழு தண்ணீருக்குள் இறங்கி, புனலின் வாலில் மாட்டிய ரப்பர் குழாயில் போய்ச் சேரும். மறுநாள் கவ்வியைத் திறந்தால் சொட்டோடு புழுவும் விழும். இது எல்லாம் நன்றாகவே நடந்தது. மறுநாள் போன சாஹுல் ஹமீதை அவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"இஞ்சை பாரும். நூல் மாதிரி நெளியுதெல்லே?"

"ஓ, நெளியுது ஐயா. எத்தன ஈக்கி!"

"எத்தினை எண்டது முக்கியமில்லை. நீளத்தை அகலத்தாலை பிரிச்சால் முப்பது வரும். பிறகு நீளத்தைத் தொண்டையாலை பிரிக்கோணும். பிறகு வாலாலை பிரிக்கோணும். மூண்டு எண்ணும் வந்தால்தான் அது புழு. இல்லாட்டில் அது வெறும் நெளிவு."

"இதுதான் எண்ட கொடியத் திங்குதா?"

விமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன தின்னுது எண்டு நான் பாக்கிறேல்லை. மண்ணுக்குள்ளை இருக்குமட்டும் அது என்ரை பொறுப்பு. வேருக்குள்ளை போன அடுத்த நிமிஷம் அது எனக்குச் செத்தது."

"வேருக்குள்ள போகுதா அப்ப?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. போனால் எண்டு சொன்னனான்."

வேர் பிரிவில் நவரட்ணராஜா. உருண்டு திரண்ட மனிதர். கதிரையில் உட்கார்ந்தால் எழும்பமாட்டார். வேண்டியதெல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேரின் முடிச்சு ஒன்றை ஊசியால் கீறி, குண்டூசித் தலையிலும் சிறிய ஒரு வெள்ளை முத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்.

"கண்டீரோ? பேரிக்காய் மாதிரி. இது பெட்டை. தலையை ஒரு இடத்திலை குத்திப்போட்டு, சாகுமட்டும் அசையாமல் இருந்து உறிஞ்சி உறிஞ்சி ஊதிப்போகும். என்ன அருமையான சீவியம்!"

"இது வேருக்குள்ள எப்பிடி வந்திச்சி ஐயா?"

"எப்பிடி வாறது? அங்கைதான் இருக்குது."

"வெளியால இருந்து வரல்லியா?"

நவரட்ணராஜாவின் முகம் கறுத்தது. "வெளியாலை எண்டால் மண். மண்ணைப் பற்றி இந்த அறையிலை கதைக்கப்படாது. இஞ்சை ஒன்பது வருஷமா ஒரு பருக்கை மண்ணும் உள்ளுக்கு வந்ததில்லை. வேரைக் கழுவிப்போட்டுத்தான் எடுக்கிறனான்."

அங்கேயும் எண் கணக்கு நடந்தது. நீளத்தை அகலத்தால் பிரித்தபோது ஒன்றரை வந்தது. முப்பது வராத உயிர் புழுவே அல்ல, அது மிளகுக்கு இனம் என்று மண் பிரிவு ஏற்கனவே எழுதியிருந்தது. கண்ணுக்கு முடிச்சு காட்டாத எதுவும் நோயே அல்ல, அது தண்ணீர்த் தூசி என்று வேர் பிரிவு பதில் எழுதியிருந்தது. இரண்டு கடுதாசிகளும் சின்னமுத்துவின் கையால் கூடத்தைக் கடந்து போய் வந்து, இப்போது இரண்டு அலுமாரிகளில் இருந்தன.

சட்டமோ இரண்டு பிரிவும் ஒரே பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் அனுமதி என்றது.

தை முடிந்து மாசி பிறந்தது. வெயில் என்றால் வெயில். மகாவலி ஆற்றில் பாறைகள் முதுகைக் காட்டின. மண் காயவைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. சாஹுல் ஹமீது கிழமைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினார். மண் பிரிவில் அவர் உட்காரும் வாங்கில், தனக்கு முன்னால் வந்த ஒருவர் கத்தரி நோய்க்கு வந்து, இப்போது கத்தரி போட்ட நிலத்தில் வீடே கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டார். அந்த மனிதர் இன்னும் பெயருக்காகக் காத்திருந்தார்.

மாசி நடுவில் இரண்டு பிரிவுத் தலைவர்களும் தோட்டம் பார்க்க வந்தார்கள். இருவரும் ஒன்றாக வரவில்லை. செவ்வாய்க்கிழமை விமலநாதன் வந்து நான்கு மூலையிலும் சிவப்புத் துணிக் கொடி நட்டு, நாற்பது இடத்தில் மண் எடுத்தார். வேர் நுனி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் நடுக்கத்தோடு தட்டிவிட்டார். வியாழக்கிழமை நவரட்ணராஜாவை இரண்டு பேர் கதிரையோடு தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அவர் பச்சைத் துணிக் கொடி நட்டார். வேர்களை வெட்டி, அங்கேயே வாளித் தண்ணீரில் அலசி, மண்ணை வாய்க்காலில் ஊற்றச் சொன்னார்.

"ஐயா, அது கீழ எண்ட மச்சான்ட தோட்டத்துக்குப் போகும்!"

"மண்தானே போகுது? நோய் வேரிலை இருக்குது. என்னத்துக்குப் பயப்பிடுறீர்?"

போகும்போது ஒரு கடுதாசியும் கொடுத்தார். கொடிகள் வாடினால் உள்ளே இருக்கும் மாதிரிகள் பழுதாகிவிடும். ஆகையால் நோய்ப்பட்ட கொடிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டியது. ஊற்றத் தவறினால் அதே சட்டம், அதே ஆறு மாதம்.

அன்றிலிருந்து சாஹுல் ஹமீது, நல்ல கொடிகள் வெயிலில் தலை தொங்கி நிற்க, செத்துக்கொண்டிருந்த கொடிகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். புழு குடித்தது. நாற்பது கொடி நூற்றிருபது ஆயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. அந்தப் பெருநாளுக்கு ஹுஸைன் வீட்டுக்கு வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மண்ணோடு ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினான். வேரில் இரண்டு முடிச்சு.

"மச்சான், ஒங்கட புழு எண்ட தோட்டத்துக்கு வந்தீக்கி."

"நான் என்ன செய்ய ஹுஸைன்? கையெழுத்துக்காக அலையிறேன்."

"புழு கையெழுத்துப் பாத்தா வந்திச்சி? மூணு குமருப் புள்ளைகள வெச்சிட்டு ஈக்கிறேன். இந்தக் கொடியும் போனா நான் எங்க போறது?" என்றான். பிறகு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான். ருக்கியா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் கந்தோரில், சின்னமுத்து இரக்கப்பட்டு, காரியம் ஏன் நகரவில்லை என்பதைச் சொன்னான்.

"நானா, புதுப் புழுன்னு கண்டுபிடிச்சா லத்தீன்ல பேரு வைப்பாங்க. அந்தப் பேரு உலகம் அழியற வரைக்கும் நிக்குமாம். ஆனா தன் பேரத் தானே வச்சுக்கக் கூடாது, அது மரியாத இல்ல. இன்னொருத்தரு வைக்கணும். மண்ணு ஐயாவுக்கு வேரு ஐயா வைக்கணும், வேரு ஐயாவுக்கு மண்ணு ஐயா வைக்கணும். ரெண்டு பேரும் பேசி ஏழு வருஷமாச்சு."

"அப்ப எண்ட கொடி?"

"அவங்க எதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேங்க. கொடிய யாரும் நெனைக்கவே இல்ல."

பங்குனி மூன்றாம் கிழமை அது நடந்தது. நவரட்ணராஜா சாப்பிடப் போயிருந்தார். வேர் பிரிவு வாங்கில் சாஹுல் ஹமீது மட்டும் இருந்தார். சின்னமுத்து மேசை துடைத்துக்கொண்டிருந்தவன், நுணுக்குக்காட்டியின் அடியில் தண்ணீரோடு இருந்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டி, "ஒங்க கொடிதாங்க. வேணும்னா பாருங்க, பாவம் எவ்வளவு நாளா வாறீங்க" என்றான்.

சாஹுல் ஹமீது ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். அதே வெள்ளைப் பேரிக்காய். அதன் பின்புறத்தில் கோந்துபோல ஒரு பசை. பசைக்குள் நீளமான முட்டைகள், நூற்றுக்கணக்கில். ஒரு முட்டைக்குள் ஏதோ மடங்கி மடங்கிச் சுருண்டு கிடந்தது. அது அசைந்தது. உள்ளேயே ஒரு தடவை சுற்றிப் புரண்டது. பிறகு ஒரு முனையில் முட்டி முட்டி, தோலைக் கிழித்துக்கொண்டு, நூல் போல வெளியே வந்து, தண்ணீரில் நெளிந்து நீந்தத் தொடங்கியது.

மண் பிரிவில் அவர் கண்ட அதே புழு.

இரண்டு மாதமாகத் தன் வயிற்றில் அடித்த பிராணி பிறப்பதைப் பார்த்த அந்த ஒரு கணம் அவருக்குக் கோபம் வரவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்றார், தன்னை அறியாமல். பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்து கூடத்தில் நின்று கத்தினார்: "ஐயாமாரே! எல்லாரும் ஓடி வாங்க! உம்மாவும் புள்ளையும் ஒண்டா ஈக்கி! மண்ணுப் புழுவப் பெத்தது வேருப் புழுதான்!"

விமலநாதன் வந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாகச் சின்னமுத்துவின் ஸ்டூலைத் தாண்டி வேர் பிரிவுக்குள் நுழைந்தார். சாப்பாட்டுக் கையோடு நவரட்ணராஜாவும் ஓடி வந்தார். அவர் ஓடியதைச் சின்னமுத்து அதற்கு முன் கண்டதில்லை. இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள்.

"இவர் சொன்னதிலை பிழை ஒண்டும் இல்லை" என்றார் விமலநாதன் கடைசியில், மெதுவாக.

"இல்லை" என்றார் நவரட்ணராஜா. "ஆனால் துரைக்குத் தெரிஞ்சால்?"

துரைக்குத் தெரிந்தது. மேல்மாடியில் இருந்த பணிப்பாளர் துரை அன்று பின்னேரமே கீழே இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து ஆங்கிலத்தில் பேசினார். விமலநாதன் அதை வசனத்துக்கு வசனம் தமிழாக்கினார், சாஹுல் ஹமீதுக்கு விளங்க வேண்டும் என்று துரை விரும்பியதால்.

"கனவான்களே, இன்று இந்தக் கூரையின் கீழ் ஓர் உண்மை வெளிப்பட்டிருக்கிறது. உண்மை வெளிப்படும்போது நாம் அஞ்சக்கூடாது. அதை எங்கே வைப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். இரண்டு பிரிவுகளிலும் இருந்தது ஒரே புழு என்று சொல்வது சுலபம். சொன்னால் ஒரு பிரிவு மிகையாகிவிடும். ஒரு பிரிவு மிகை என்றால் பங்களாவில் பாதி மிகை. பாதிப் பங்களாவுக்கு முழுப் பணிப்பாளர் எதற்கு என்று கொழும்பில் இருக்கும் விஷமிகள் கேட்பார்கள். அது விஞ்ஞானத்துக்கு நேரும் அவமானம். இதுவரை நாம் செய்த பிழை என்ன? முட்டையை மறந்ததுதான். முட்டைக்குள் இருக்கும்போது இந்தப் பிராணி மண்ணிலும் இல்லை, வேரிலும் இல்லை. எந்தப் பிரிவின் கண்காணிப்பும் இல்லாமல், அநாதையாக, இந்தத் தீவில் கோடிக்கணக்கான முட்டைகள்! ஆகையால் இன்றைய தினம் முட்டைப் பிரிவு ஒன்றை ஆரம்பிக்கிறோம். திரு. விமலநாதனும் திரு. நவரட்ணராஜாவும் பதவி உயர்த்தப்படுகிறார்கள். புழுவின் பெயர், மூன்று பிரிவுகளும் உடன்பட்ட பின்னர் தீர்மானிக்கப்படும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். கைகொடுத்தும் கொண்டார்கள். கூடத்தில் ஒரு கலியாண வீட்டின் களை வந்திருந்தது.

"அப்ப எண்ட கொடி, தொரை?" என்றார் சாஹுல் ஹமீது.

துரை அவரை அன்போடு பார்த்து ஏதோ சொன்னார். விமலநாதன் தமிழாக்கினார்: "உம்மடை உதவியை அரசாங்கம் மறக்காது. நீர் செய்ய வேண்டியது, முட்டைப் பிரிவுக்குப் புதுசா ஒரு விண்ணப்பம். உத்தியோகத்தர் நியமனம் ஆனதும் தரலாம். ஆவணியளவிலை."

"மழ சித்திரையில வருது ஐயா."

"மழை எங்கட கந்தோருக்குக் கீழை வாறேல்லை" என்றார் விமலநாதன். அதைத் தமிழாக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சாஹுல் ஹமீது வீட்டுக்குப் போனதும் ருக்கியாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "மண்வெட்டி எங்க ஈக்கி?" என்றாள்.

"மறியல் புள்ள. ஆறு மாசம்."

"ஆறு மாசம் நீங்க மறியல்ல ஈந்தா நான் சமாளிப்பேன். ஆறு மாசம் இந்தக் கொடிக்குத் தண்ணி ஊத்த என்னால ஏலாது."

மறுநாள் அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு, நன்றாக விடிந்த பிறகு, ஊர் பார்க்கவே பிடுங்கத் தொடங்கினார்கள். சிவப்பு, பச்சைத் துணிக் கொடிகளைப் பிடுங்கி ஒரு பக்கம் சாத்தினார்கள். நூற்றிருபது கொடி என்று தொடங்கியது, வேரைத் தோண்டத் தோண்ட நானூறு ஆயிற்று. தான் நட்டுக் கொம்பில் கட்டிய கொடிகளைத் தானே இழுத்துப் போடும்போது சாஹுல் ஹமீதின் கை பல தடவை தயங்கியது. ருக்கியா தயங்கவில்லை. பத்து மணியளவில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஹுஸைன் வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாய்க்காலைத் தாண்டி வந்து, அக்காவின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

"மச்சான், நீங்க வேர இழுங்க. நான் மண்ணப் பெரட்டுறேன்."

நான்கு நாள் வேலை. மூன்றாம் நாள் புகையைப் பார்த்து ஆராச்சி ஏறி வந்தார். சாஹுல் ஹமீது எழுந்து நின்று, கையைத் துடைத்து, எதற்கும் தயாரானார். ஆராச்சி எரிகிற குவியலைச் சுற்றிப் பார்த்தார். சால்வைக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு பொதியை எடுத்து நெருப்பில் எறிந்தார். வெற்றிலை வேர். முடிச்சு முடிச்சாக இருந்தது.

"நான் இந்தப் பக்கம் வரல்ல" என்றார். இறங்கிப் போனார்.

மண் காய ஒன்பது நாள் வெயில் கிடைத்தது. பத்தாம் நாள் மழை. இரண்டு மாதத்துக்கு முன்னர் தொடங்கியிருந்தால் நாற்பது கொடியோடு முடிந்திருக்கும். இப்போது மிஞ்சியிருந்த முன்னூறிலும் மழைக்குப் பிறகு மஞ்சள் ஏறி, வைகாசிக்குள் அவையும் நெருப்புக்குப் போயின. ஹுஸைனுடைய மேல்வரிசை மூன்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. மற்றது தப்பியது.

ஆவணியில் வருவார் என்று சொன்ன உத்தியோகத்தர் ஆனியிலேயே வந்துவிட்டார். முட்டைப் பிரிவின் தலைவர். கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க, சாந்தமான மனிதர். கையில் பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்கள். வீடு வீடாகப் போய் முடிச்சு விழுந்த வேர் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்றை அலவத்துகொடையில் ஒருவரும் கண்டதில்லை. ஹுஸைன் கண்டதில்லை. ஆராச்சி கேள்விப்பட்டதுகூட இல்லை.

கடைசியாக, வியர்த்து ஒழுகி, சாஹுல் ஹமீது வீட்டுக்கு ஏறி வந்தார்.

"இங்க ஒரு தோட்டம் எண்டு பதிவில இருக்கே?"

"ஈந்திச்சி ஐயா. இப்ப வெத்தில போடுறல்ல."

"ஒரு முடிச்சாவது? ஒரேயொரு முட்டை? முதல் அறிக்கை நான் இந்த மாதம் குடுக்க வேணும். ஒண்டும் இல்லையெண்டால் பிரிவை மூடிப்போடுவினம். எனக்கு நாலு பிள்ளையள்."

சாஹுல் ஹமீதுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் எங்கே தோண்டினால் முடிச்சு கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனார். திரைக்குப் பின்னால் ருக்கியா இருமினாள்.

"இல்ல ஐயா" என்றார் சாஹுல் ஹமீது. "குந்துங்க. தேத்தண்ணி குடிங்க."

உத்தியோகத்தர் தேத்தண்ணி குடித்தார். வெற்றிலைத் தட்டு வந்தது. ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மென்றார். கொப்பியை விரித்து 'புழு அறவே இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அதிர்ஷ்டம் செய்த ஊர்" என்றார். "வெத்திலையும் அருமை. ஆருடைய தோட்டத்து வெத்திலை?"

இருபத்திரண்டு வருடம் வெற்றிலை விற்ற சாஹுல் ஹமீது, தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"கடையில வாங்கினது ஐயா" என்றார்.